நீலமாகாதவை

மாட்டுத்தாவணிப் பழ மார்க்கெட்டில்
கறுத்துக் குழைந்த வாழைப்பழங்களை
சிக்கந்தர் எனக்கென்று ஒதுக்கி வைப்பார். காசு வாங்க மாட்டார்.
"இன்னைக்கும் ஈக்கு விருந்தா, டீச்சர்?"
டீச்சர் இல்லை நான்.
நாகமலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆய்வகத்தில்
பழ ஈக்களை எண்ணித் தரும் தினக்கூலி.

இரண்டு மணி நேரம் பட்டினி போட்டுவிட்டு
சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த வட்டத்தாளைக்
குப்பிக்குள் வைக்கிறேன்.
தண்ணீரில் நீலச்சாயம் கொஞ்சம்,
அழுகிய கேரட்டில் எடுத்த கிருமி
அதைவிடக் கொஞ்சம் கூட.
வாயை ஊன்றி உறிஞ்சுகின்றன.
இனிப்பு தெரிகிறது. மற்றது
போன பிறகுதான் தெரியும்.

குடல் கிழிந்த ஈ உடம்பெல்லாம் நீலமாகும்.
கிழியாத ஈக்கு
வயிற்றில் மட்டும் ஒரு நீலக்கோடு.
என் வேலை, நீலத்தை எண்ணுவது.

ஊசி முனையில் பிரித்துப் போட்டால்
தையல் நூலில் கால்வாசி தடிமன்கூட இல்லை அந்தக் குடல்.
அதற்குள்ளும் ஒரு மெல்லிய உறை,
பார்சல் பரோட்டாவுக்கும் செய்தித்தாளுக்கும் நடுவே
வாழையிலை வைத்துக் கட்டுவது மாதிரி.
தின்றது வேறு, சுவர் வேறு.

அதையும் மீறி வந்தவனை
முகம் பார்த்து அடிப்பதில்லையாம்.
குடலிலேயே குடித்தனம் நடத்தும் பழைய கிருமிகள்
வாடகை பாக்கி இல்லாமல் இருக்கின்றன, இருக்கட்டும்.
வந்தவன் கழித்துவிட்ட ஒரு துளிக் கழிவில்
தெரிந்துகொள்கிறது சுவர், இவன் வேறு ஆள் என்று.
தெரிந்த நிமிடமே
தானே காய்ச்சி ஊற்றுகிறது,
ப்ளீச்சிங் பவுடருக்குப் பங்காளி முறை ஆகும் ஒன்றை.
கூடிப்போனால் தானும் வெந்துபோகும்.
ஆகவே அணைப்பதற்கும்
அங்கேயே ஒரு சரக்கு.

ப்ளீச்சிங் என்றதும் எனக்கு மூக்கு அரிக்கும்.
என் வீட்டுக்காரர் ஒச்சுக்காளை
செல்லூரில் மேல்நிலைத் தொட்டி ஆப்பரேட்டர்.
ராத்திரி வாளியோடு ஏணி ஏறுகிறவர்.
விரலிடுக்கில் தோல் உரிந்தபடியே இருக்கும்,
சோறு பிசைந்தாலும் அந்த வாடைதான்.

போன செவ்வாய்க்கிழமை
சாக்கடைக்குள் முழுகிக் கிடந்த குழாய் எங்கேயோ விட்டுப்போய்
மூன்று தெருவுக்குப் பேதி.
பெரியாஸ்பத்திரியில் கட்டில் இல்லை, தரையில் பாய்.
"பவுடர் போடாமத் தூங்கிட்டான்" என்றது ஒரு கூட்டம்.
"அள்ளிக் கொட்டிட்டான்யா, அதான் வயிறு வெந்துபோச்சு"
என்றது இன்னொன்று.
இரண்டுக்கும் அவர் பதில் சொல்லவில்லை.
அளவுப் புத்தகத்தை மட்டும் எடுத்து வந்து
எல்லோருக்கும் தெரிகிற மாதிரி விரித்துப் பிடித்தார்.
யாரும் படிக்கவில்லை.

புதன்கிழமை பிரித்த ஈக்களில்
சுவர் பாதியாக மெலிந்திருந்தது.
அடிபட்ட உயிரணுக்கள்
தம் உள்ளிருப்பை வழித்து வெளியே தள்ளிவிட்டு
வெறும் தோலாக நின்றன.
செத்துப்போச்சு என்று எழுதப் போனேன்.
மேடம், "மூணு நாள் பொறுங்க பிரிசில்லா" என்றார்.

சனிக்கிழமை பார்த்தால்
அதே இடத்தில் பழைய தடிமன்.
சுவரின் அடியில் ஒதுங்கிக் கிடந்த சின்னஞ்சிறுசுகள்
பெருகி வந்து வரிசையில் நிற்கின்றன.
நாற்பதில் மூன்று நீலம்.
மீதி முப்பத்தேழும்
அதே மாதிரித் தாளை வைத்தால்
மறுபடி வாயை ஊன்றுகின்றன.
இதற்கு என்ன பெயர் வைப்பதென்று
எனக்குத் தெரியவில்லை. நோட்டில் அதற்குக் கட்டமும் இல்லை.

அன்று சாயங்காலம் குழாய் மாற்றித் தண்ணீர் திறந்தார்கள்.
குடங்கள் வந்தன, கைகள் வரவில்லை.
கூட்டத்தை விலக்கிக்கொண்டு போன என் ஆள்
உரிந்த கைகளைக் குவித்துப் பிடித்து
ஒரு மூச்சுக் குடித்தார்.
இன்னொரு மூச்சு.
மீசையைத் துடைத்துக்கொண்டு
யாரையும் பார்க்காமல் சைக்கிளை எடுத்தார்.

ஒருத்தி குடத்தை வைத்தாள், பிறகு வரிசை.
நான் மட்டும் கம்பத்தடியில் நின்று
கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன்:
ஆறு இருபது.
இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை,
நான்கு, பிறகு பதினாறு.
வேலை செய்கிற இடத்துப் பழக்கம்.